‘பரவாயில்லை’ என்றால் எவ்வளவு? – நோயாளர் தாமே நிரப்பும் நலப் படிவம் பற்றி

புறநோயாளர் பிரிவில் நாள் முழுதும் மிகுதியாக ஒலிக்கும் சொல் எந்த மருந்தின் பெயரும் அன்று, எந்த நோயின் பெயரும் அன்று. ‘பரவாயில்லை’ என்பதே அச்சொல். “எப்படி இருக்கிறீர்கள் ஐயா?” என்று மருத்துவர் கேட்கிறார். “பரவாயில்லைங்க டாக்டர்” என்று விடை வருகிறது. அருகில் நிற்கும் மனைவி ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். கணவர் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிடுகிறார். பழைய மருந்துகளே சீட்டில் மீண்டும் எழுதப்படுகின்றன. மருந்தகத்து வரிசையில் நிற்கும்போதுதான் அந்த அம்மையார் செவிலியரிடம் சொல்கிறார்: “ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குறாரும்மா. டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதாம்.”

இக்காட்சியில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. பின்னால் நாற்பது பேர் காத்திருக்கும்போது தம் துன்பத்தை விரித்துரைக்க நம் மக்கள் கூசுவர். மேலும் ஒரு பரிசோதனை, மேலும் ஒரு செலவு என்னும் அச்சம் சிலருக்கு. துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஒப்பந்தக் கூலியாக இருப்பவருக்கு, மூச்சிரைக்கிறது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற கவலை. இவையெல்லாவற்றையும்விட வலியது பழக்கம். ஐந்து ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைந்த நடை, குறைந்ததாகவே தோன்றாது. ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு சொல்லில் அது கரைந்துவிடும்.

சில மாதங்களாக உங்களிடம் ஓபி சீட்டுடன் ஒரு பக்கப் படிவம் ஒன்றும் தரப்படுவதைக் கண்டிருப்பீர்கள். ‘இது எதற்கு? ரத்தம் எடுத்தாயிற்று, எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இனி என்ன எழுத வேண்டும்?’ என்று பலர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இப்படிவங்களை ஆங்கில எழுத்துகளின் சுருக்கத்தால் ‘ப்ரோம்’ என்பர். நோயாளர் தாமே கூறும் பலன் அளவீடு எனத் தமிழில் சொல்லலாம். மருத்துவரோ செவிலியரோ உறவினரோ இடையில் நின்று பொருள் கூறாமல், தம் உடல்நிலையைப் பற்றி நோயாளர் நேரடியாகச் சொல்வதை ஒழுங்கான கேள்விகளால் பெற்று, எண்ணாக மாற்றிப் பதிவு செய்வதே இதன் வேலை. வெப்பமானி காய்ச்சலை அளப்பதுபோல, இது உங்கள் அன்றாட வாழ்க்கையை அளக்க முயல்கிறது. முயல்கிறது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இயந்திரம் காணாதது

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை எடுத்துக்கொள்வோம். புகைபிடித்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் பல்லாண்டு சமைத்தவர்களுக்கும், தூசியிலும் புகையிலும் தொழில் செய்தவர்களுக்கும் வருகின்ற நோய் இது. ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதும் பரிசோதனையில் ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறீர்கள் என்பது அளக்கப்படுகிறது. நோயைக் கண்டறிய அது இன்றியமையாதது. ஆனால் ஒரே அளவு காற்றை ஊதிய இருவரில் ஒருவர் காசிமேட்டில் மீன்கூடை இறக்கிக்கொண்டிருப்பார். மற்றவர் குளித்துவிட்டு வேட்டி கட்டுவதற்குள் இருமுறை கட்டிலில் அமர்வார். தசையின் வலிமை, எடை, மனச்சோர்வு, உறக்கம், இதயத்தின் நிலை, வீட்டின் மாடிப்படிகள் ஆகிய எவையும் அந்தக் குழாய்க்குத் தெரியா.

ஆகவே அந்நோய்க்கென 2009ஆம் ஆண்டில் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வெளியிடப்பட்டது. ‘கேட்’ என்று அதனைச் சுருக்கி அழைப்பர். இருமல், சளி, நெஞ்சிறுக்கம், படியேறும்போது மூச்சிரைப்பு, வீட்டு வேலைகளில் தடை, வீட்டைவிட்டு வெளியே செல்லும் துணிவு, உறக்கம், உடல் தெம்பு ஆகிய எட்டுக்கும் 0 முதல் 5 வரை ஒவ்வோர் எண்ணை நீங்களே வட்டமிட வேண்டும். கூட்டுத்தொகை 0 முதல் 40 வரை அமையும். எண் உயர உயரத் துன்பம் மிகுதி என்று பொருள். 10 அல்லது அதற்கு மேற்பட்டால் தொல்லை கவனிக்கத்தக்கது என்று உலகளாவிய சிகிச்சை வழிகாட்டி கொள்கிறது. இருமுறை நிரப்பியவற்றுக்கு இடையே 2 புள்ளிகள் மாறினாலும் அம்மாற்றம் நோயாளர் வாழ்க்கையில் உணரத்தக்கதாக இருக்கும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர்.

மதுரையில் நடந்தது

இம்முறை மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டா. தமிழ்நாட்டில், தமிழ் பேசும் எளிய மக்களிடையே, சிகிச்சை பற்றிய ஒரு பெரிய கேள்விக்கு விடைகாண இது பயன்பட்ட வரலாறு உண்டு.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்புரை அறுவைக்குப்பின் ஏழைகளுக்குக் கிடைத்தது தடித்த கண்ணாடிதான். உள்விழி வில்லை எனப்படும் லென்ஸ், இறக்குமதியாகும் விலையுயர்ந்த பொருளாக இருந்தது. 1992இல் அம்மருத்துவமனையைச் சார்ந்து ஆரோலேப் என்னும் நிறுவனம் அமைந்து, வில்லைகளை இங்கேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. எனினும் ஒரு வினா எஞ்சியது. லட்சக்கணக்கானோர் பார்வையிழந்து காத்திருக்கும் நாட்டில், கூடுதல் செலவும் கூடுதல் பயிற்சியும் வேண்டும் வில்லை அறுவையைப் பரவலாக்குவது தகுமா? கண்ணாடியே போதாதா?

இதனைத் தீர்க்க மதுரையில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. இரு கண்ணிலும் புரை கொண்ட, 40 முதல் 75 வயது வரையிலான 3,400 பேர் அதில் பங்குகொண்டனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குப் பழைய அறுவையும் தடித்த கண்ணாடியும், மற்றப் பகுதியினருக்கு உள்விழி வில்லையும் அளிக்கப்பட்டன. முடிவுகள் 1998இல் வெளிவந்தன.

சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதோடு ஆய்வாளர்கள் நின்றுவிடவில்லை. தென்னிந்தியக் கிராம மக்களுக்கென்றே பார்வைப் பயன்பாடு பற்றியும் வாழ்க்கைத் தரம் பற்றியும் கேள்வித்தாள்களை முன்னதாகவே உருவாக்கியிருந்தனர். தம்மைத் தாமே பராமரித்துக்கொள்வது, நடமாடுவது, பிறரோடு பழகுவது, மனநிலை ஆகியவற்றைப் பற்றி அவை வினவின. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் பயன்படும்படி அவை வாய்மொழியாகக் கேட்கப்பட்டன.

தடித்த கண்ணாடி அணிந்தவருக்குப் பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வை சுருங்கும். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று. எழுத்துப் பலகைக்கு முன் அமர்ந்து, கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு நேரே பார்த்துப் படிக்கும்போது இத்தொல்லைகள் வெளிப்படமாட்டா. வரப்பில் நடக்கும்போதும், குவளையில் நீர் ஊற்றும்போதும், பக்கவாட்டில் வரும் மாட்டு வண்டியைக் காணத் தவறும்போதும்தான் அவை வெளிப்படும். இரு பிரிவினரும் அறுவையால் நன்மை பெற்றனர். ஆயினும் வில்லை பெற்றவர்கள் தம் அன்றாடப் பார்வையிலும் வாழ்க்கைத் தரத்திலும் கூடுதல் முன்னேற்றத்தைத் தெரிவித்தனர். இன்று அரசு முகாமில் அறுவை செய்துகொள்ளும் உங்கள் பாட்டியாருக்கும் கண்ணுக்குள் வில்லை வைப்பதே வழக்கமாகிவிட்டது. அம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல; எழுத்தறியா முதியவர்கள் தாமே சொன்ன விடைகளும் அவற்றுள் ஒன்று என்பதை நாங்கள் பெருமையுடன் நினைக்கிறோம்.

2005இல் இந்தியப் பார்வைப் பயன்பாட்டுக் கேள்வித்தாள் என்னும் 33 கேள்விகள் கொண்ட படிவமும் வெளியாயிற்று. கண்ணோடு நின்றுவிடவுமில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தன் நோயாளர்க்கெனத் தனி வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கி அதே ஆண்டில் ஆய்வு வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் 100 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத் தரப் படிவத்தை வகுத்தபோது, உலகெங்கும் தேர்ந்த 15 மையங்களுள் சென்னையும் ஒன்று. வேறு மொழியில் எழுதி முடித்தபின் மொழிபெயர்க்கப்பட்ட படிவமன்று அது. ‘நல்ல வாழ்க்கை’ என்றால் என்ன என்று தொடக்கத்திலேயே கேட்கப்பட்டவர்களுள் நம் ஊராரும் இருந்தனர்.

கூட்டுத்தொகையும் தனி வரியும்

படிவத்தை மருத்துவர் எவ்வாறு படிக்கிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இது கற்பனை, எனினும் இதனை ஒத்தவற்றை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர். முதல் வருகையில் எட்டு வரிகளுக்கும் அவர் இட்ட எண்கள் முறையே 4, 3, 2, 4, 3, 2, 3, 3. கூட்டுத்தொகை 24. இன்ஹேலரைக் கையாளும் முறையில் பிழை இருந்தது கண்டறியப்பட்டுத் திருத்தப்படுகிறது, மருந்தும் மாற்றப்படுகிறது. இரு மாதங்களுக்குப்பின் அவர் இட்டவை 2, 1, 1, 3, 2, 4, 1, 3. கூட்டுத்தொகை 17. ஏழு புள்ளிகள் குறைந்துள்ளன; சிகிச்சை பலன் அளித்திருக்கிறது. இருமல் குறைந்தது, சளி குறைந்தது, இரவு உறங்குகிறார்.

கூட்டுத்தொகையோடு நின்றால் மருத்துவர் மகிழ்ந்து அனுப்பிவிடுவார். ஆறாம் வரியைப் பாருங்கள். வீட்டைவிட்டு வெளியே செல்லும் துணிவில் 2 என்றிருந்தது 4 ஆகியிருக்கிறது. மற்றவை சீராகும்போது இஃது ஏன் மோசமாயிற்று? கேட்டால்தான் தெரியும். வெள்ளிதோறும் வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்து செல்பவர் இப்போது செல்வதில்லை. வழியில் இளைப்பு வந்தால் எல்லார் முன்னும் பம்ப்பை எடுத்து வாயில் வைக்க வேண்டுமே என்ற நாணம்; ‘அதைப் போட ஆரம்பித்தால் விடவே முடியாது, கடைசி மருந்து அது’ என்று அண்டை வீட்டார் சொன்ன சொல்; இரண்டும் சேர்ந்து அவரைத் திண்ணையோடு கட்டிப்போட்டுவிட்டன. இன்ஹேலர் அடிமைப்படுத்தும் மருந்தன்று. மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்வது அது. இதை விளக்க ஐந்து நிமிடங்கள் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடங்களை எங்கே செலவிட வேண்டும் என்று காட்டியது அவர் தாமே இட்ட வட்டம். நடை நின்றால் தசை தளரும், தசை தளர்ந்தால் அதே நடைக்கு மூச்சு மேலும் வாங்கும், மூச்சு வாங்குவதால் நடை இன்னும் குறையும். கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்த ஆண்டு அவருடைய 17 மீண்டும் 24ஐ நோக்கி ஏறியிருக்கக்கூடும்.

நிரப்பும்போது நேரும் பிழைகள்

மிகப் பரவலான பிழை மதிப்பெண் குழப்பம். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினால் நன்று என்று பழகிய நாம், வலி அளவுகோலிலும் 10 என்பதை நல்ல மதிப்பெண்ணாகக் கொண்டுவிடுகிறோம். வலிக்கு 10 என்றால் தாங்கவொண்ணாத வலி. ‘கேட்’ படிவத்திலும் எண் கூடினால் துன்பம் கூடுகிறது. ஆனால் ஈக்யூ-5டி என்னும் வேறொரு படிவத்தின் இறுதியில் வரும் அளவுகோலில் 100 என்பதே மிகச் சிறந்த உடல்நிலை, 0 மிக மோசமானது. ஒரே நாளில் இரண்டையும் நிரப்பச் சொல்வது குழப்பம்தான். படிவங்களை வகுத்தோர் இதில் ஒருமித்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அதுவரை, எண்ணை வட்டமிடுமுன் இரு முனைகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள்.

காலவரையும் மாறுபடும். ஈக்யூ-5டி ‘இன்று’ எப்படி என்று மட்டுமே கேட்கிறது. மனச்சோர்வைக் கேட்கும் ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியது. சென்ற மாதம் பட்ட துன்பத்தை இன்றைய கணக்கில் சேர்த்தால் அளவு பிசகும்.

அடுத்தது நுட்பமான பிழை. ‘குன்றிலோ மாடிப்படியிலோ ஏறும்போது மூச்சிரைக்கிறதா?’ என்ற கேள்விக்குச் சிலர் 0 இடுகின்றனர். கேட்டால், “படியே ஏறுவதில்லையே” என்கின்றனர். திருவொற்றியூரில் குன்று ஏது? 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதுமுதல் காலடிப்பேட்டை நிலையத்தின் படிகள் இருக்கின்றன. ஆனால் லிஃப்டும் இருக்கிறது. மூச்சு வாங்கும் என்பதற்காகவே ஒரு செயலைக் கைவிட்டவர், அச்செயலால் தொல்லையில்லை என்று எழுதினால் படிவம் ஏமாந்துபோகும். உங்கள் வீட்டில் ஒருவர் மார்க்கெட்டுக்குச் செல்வதை நிறுத்திவிட்டாரா, மாடியில் துணி காயப்போடுவதை மருமகளிடம் விட்டுவிட்டாரா, மல்லாந்து படுப்பதை விட்டுச் சாய்ந்தே உறங்குகிறாரா என்று பாருங்கள். ‘இப்போது ஏறினால் எப்படி இருக்கும்?’ என்று எண்ணிப் பார்த்து வட்டமிடுங்கள். ஏறுவதையே விட்டுவிட்டேன் என்பதைப் பக்கத்தில் எழுதியும் வையுங்கள்.

மொழியும் ஒரு சிக்கல். பதினெட்டாம் நூற்றாண்டில் 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்க்கென அமைந்த காலெட் பேட்டைதான் நாவிற் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. ஒரு சொல் மொழி மாறும்போது பொருளும் மாறிப்போவதற்கு நம் ஊர்ப்பெயரைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவேதான் படிவங்களைத் தமிழாக்கும்போது இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுவர். மூலத்தைக் காணாத வேறொருவர் அதனைத் திரும்பவும் ஆங்கிலமாக்குவர். பின்பு நோயாளர் சிலரிடம் கொடுத்து என்ன புரிந்தது என்று கேட்பர். இத்தனை செய்தும், ‘வலி’ என்ற ஒரே சொல்லுக்குள் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், விண்விண்ணென்று தெறித்தல் என நாம் பிரித்தறியும் அத்தனையும் அடங்கிவிடுவதில்லை. நரம்பு பாதிப்பால் வரும் எரிச்சலுக்கும் மூட்டுத் தேய்மானக் குடைச்சலுக்கும் மருந்து வேறு. எண்ணோடு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். புரியாத கேள்வியைத் தோராயமாக நிரப்ப வேண்டா. செவிலியரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் படிப்பார், விடையைத் தேர்ந்து தரமாட்டார். தரவும் கூடாது.

உடன் வருவோர்க்குத் தனியே ஒரு சொல். “அப்பாவுக்கு எழுத வராது, நானே போட்டுவிடுகிறேன்” என்று மகனோ மகளோ படிவத்தை வாங்கிக்கொள்வது வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆயினும் நடை, குளியல் போன்று கண்ணால் காணக்கூடியவற்றில் உறவினர் மதிப்பீடு நோயாளரின் விடையோடு ஓரளவு பொருந்தும். வலியிலும் மனக்கவலையிலும் விலகும். பெரும்பாலும் உறவினர் துன்பத்தைச் சற்று மிகுத்தே மதிப்பிடுவர். நோயாளர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். அவருக்குப் பதிலாக நீங்கள் எண்ணக் கூடாது. நினைவிழப்பு நோயாலோ பக்கவாதத்தாலோ அவரால் விடையளிக்கவே இயலாதபோது, ‘உறவினர் நிரப்பியது’ என்று மேலே குறித்துவிட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் அதே உறவினர் நிரப்பினால் ஒப்பிட எளிது. கணவர் முன்னிலையில் மனைவியும், மாமியார் முன்னிலையில் மருமகளும் உள்ளபடி விடையளிக்கத் தயங்கக்கூடும். தனியாக அமர்ந்து நிரப்ப இடம் கேட்கலாம், கொடுப்போம்.

எண் வந்தபின் யார் என்ன செய்கிறார்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் நடந்த ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது. பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற 766 பேரில் ஒரு பகுதியினர், வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 பொதுவான அறிகுறிகளைக் கணினி வழியே தாமே தெரிவித்தனர். ஓர் அறிகுறி கடுமையானாலோ மோசமானாலோ செவிலியருக்கு உடனே எச்சரிக்கை சென்றது. மற்றவர்கள் வழக்கம்போல் வருகையின்போது மட்டும் சொன்னார்கள். அவசரப் பிரிவுக்கு வர நேர்ந்தவர்கள் தாமே தெரிவித்தோரில் 34 விழுக்காடு, மற்றவரில் 41 விழுக்காடு. 2017இல் வெளியான முடிவில், இடைநிலை வாழ்நாள் முன்னவர்க்கு 31.2 மாதங்கள், பின்னவர்க்கு 26 மாதங்கள் என்று கண்டனர்.

படிவம் நிரப்பினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. அது ஒரே மருத்துவமனையில் நடந்தது. பின்னர் 52 புற்றுநோய் மையங்களில் 1,191 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் உடற்செயற்பாடும் அறிகுறிக் கட்டுப்பாடும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. உயிர்வாழும் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் இரண்டிலும் ஒன்று பொது: நோயாளர் தெரிவித்ததை ஒருவர் படித்தார், தொலைபேசியில் அழைத்தார், மருந்தை மாற்றினார். யாரும் படிக்காமல் கோப்பில் கிடக்கும் படிவம் நோயாளரின் நேரத்தைத் திருடுவதற்கு ஒப்பாகும். ஆகவே நீங்கள் நிரப்பிய தாள் மருத்துவர் மேசையில் திருப்பப்படாமல் கிடந்தால், “இதில் எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

மனச்சோர்வுப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி இன்னும் கவனத்துக்குரியது. வாழ்வதைவிடச் சாவதே மேல் என்றோ, தம்மைத் தாமே வருத்திக்கொள்ளவோ எண்ணம் எழுந்ததா என்று அது கேட்கிறது. அதில் 0 அல்லாத எந்த விடை இருந்தாலும் அன்றே ஒருவர் உங்களோடு அமர்ந்து பேச வேண்டும் என்பது இங்குள்ள விதி. வீட்டில் இருக்கும்போது அவ்வெண்ணம் வந்தால் அடுத்த வருகைக்குக் காத்திருக்க வேண்டா. டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வேலைக்கஞ்சி மறைப்போர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிரப்பிய படிவம் உங்கள் மருத்துவக் கோப்பின் ஒரு பகுதி; உங்கள் ஒப்புதலின்றி ஒப்பந்தக்காரரிடமோ முதலாளியிடமோ அதனைக் காட்டக் கூடாது. யார் பார்ப்பார்கள் என்று நிரப்புமுன்னரே கேட்டுத் தெளியுங்கள்.

படிவத்தில் அடங்காத காற்று

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு மக்கள் வீடுகளைவிட்டு ஓடியதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாள்களுக்குப்பின் வருவோரில் சிலருக்கு எக்ஸ்ரேயும் ஊதும் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கலாம். மூச்சு மட்டும் இயல்பாக இராது. காசநோய் மருந்தை முழுவதும் உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்று சான்று பெற்றவர்க்கும் இதுவே நேரலாம். கிருமி போன பின்னும் நுரையீரலில் தழும்பு தங்கிவிடுவதுண்டு. ‘குணமாகிவிட்டீர்கள்’ என்ற சொல்லைக் கேட்டபின் தம் இளைப்பைச் சொல்ல அவர்களுக்கு வாய் எழுவதில்லை. பரிசோதனை இயல்பு என்று வந்தாலும் தொல்லை உண்டு என்பதை, தேதியோடும் எண்ணோடும் காட்டுவதற்கு இருக்கும் ஒரே சாட்சி நோயாளரின் சொல்தான்.

உலக சுகாதார நிறுவனப் படிவத்தின் 26 கேள்விச் சுருக்கத்தில், நீங்கள் வாழும் சுற்றுப்புறம் எவ்வளவு நலமானது என்றும் ஒரு கேள்வி வருகிறது. கனரக லாரிகளின் வரிசைக்கு அருகே குடியிருக்கும் ஒருவர் அதற்குக் குறைந்த எண் இட்டால், மருத்துவமனையால் லாரியை நிறுத்த இயலாது. “அப்படியானால் ஏன் கேட்கிறீர்கள்?” என்று ஒருவர் எங்களைக் கேட்டார். நேர்மையான கேள்வி. சன்னலை எந்நேரத்தில் மூடுவது, நடைப்பயிற்சியை எந்நேரத்துக்கு மாற்றுவது, மருந்தின் அளவை எப்போது கூட்டுவது என்பவற்றை முடிவு செய்ய அவ்விடை உதவுகிறது. அதற்கு மேல் அது எங்கள் கையில் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னோம்.

வரும் மாதங்களில்

நுரையீரல், மூட்டு, புற்றுநோய்ப் பிரிவுகளில் முதல் வருகையிலும், சிகிச்சை மாறியபின் ஆறு முதல் எட்டு வாரங்களிலும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் படிவம் தரப்படும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. பதிவு மேசையில் எழுதுகோலும் மூக்குக் கண்ணாடியும் வைத்திருக்கிறோம். முந்தைய படிவத்தின் படியை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் புதியதை நிரப்பும்போது பழையதைப் பார்த்து எழுத வேண்டா. சென்ற முறையைவிட நன்றாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையோ, மோசமாகக் காட்டினால்தான் கவனிப்பார்கள் என்ற எண்ணமோ அளவைக் கெடுக்கும். படிவத்தின் பின்புறம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. உங்களை மிகவும் வருத்துவது முன்பக்கத்துக் கேள்விகளில் இல்லையெனில் அங்கே எழுதுங்கள், அல்லது எழுதச் சொல்லுங்கள். நிரப்ப விருப்பமில்லாதவர்க்கு வழக்கமான சிகிச்சையில் எக்குறையும் நேராது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க இயலாத மூச்சுத்திணறல், உதடோ நகமோ நீலம் பூத்தல், வழக்கத்துக்கு மாறான உறக்கக் கிறக்கம், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் படிவமும் வேண்டா, முன்பதிவும் வேண்டா. 108ஐ அழைத்து நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.